மெர்விலிருக்கும் மாப்பிள்ளை

1

மஷ்ஹத், பாரசீகம். 1897, ஷவ்வால் மாதம். அஞ்சலில்.

அளவற்ற அருளாளனின் பெயரால்.

மெர்வ் நகரில் வணிகம் செய்யும் மதிப்பிற்குரிய அண்ணன் ஆகா யூனுஸ் அவர்களுக்குத் தங்கை கௌஹர் எழுதுவது. இமாமின் நிழலில் நானும் மகள் தாவூஸும் நலம். நீங்களும் அண்ணியும் மருமகன் நாதிரும் நலமாயிருக்க ஐந்து வேளையும் வேண்டுகிறேன்.

நோன்பு நல்லபடியாக முடிந்தது. பெருநாளன்று தெருத்தலைவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறைய அல்வா வந்தது. தகப்பனை இழந்த பெண் என்று தாவூஸ் மேல் அவர்களுக்குத் தனிப் பிரியம். அவள் தொட்டிலில் கிடந்தபோதே உங்கள் நாதிருக்கென்று பேசி வைத்ததைச் சொன்னேன். எல்லோருக்கும் மிக்க மகிழ்ச்சி. மாப்பிள்ளை வரும் நாளைத் தெரிவித்தால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும் என்கிறார்கள்.

அண்ணிக்கு என் முத்தங்கள். உங்கள் கடையில் இறைவன் பெருக்கம் தருவானாக.

பணிவுள்ள தங்கை,
கௌஹர்

2

மஷ்ஹத். அதே நாள் மாலை, நம் கணக்கில் அதார் மாதம். ரஹமான் கையில்.

யோனா, சமாதானம்.

காலையில் எழுதியது தெருவுக்கு. நம் தெருவிலிருந்து போகும் கடிதமும் வரும் கடிதமும் தெருத்தலைவர் வீட்டில் ஒருமுறை பிரிக்கப்படும் என்பது உனக்குத் தெரியும். இது உனக்கு மட்டும். நம் எபிரேய எழுத்தில், ரஹமானின் கம்பளிப் பொதிக்குள். அவன் நம்மவன், ஆனாலும் படித்ததும் எரித்துவிடு.

உடம்பு சுகம்தான். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் தெருத்தலைவர் மனைவி பீபி ஸக்கினா வந்தாள். நாங்கள் இருவரும் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தோம். தாவூஸின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கௌஹர், இந்தக் கைய பாரேன். உன் நூலு தோத்துப்போகும். எங்க முர்தஸாவுக்குக் குடுத்துடு. என்னடி முழிக்கற? எங்க வீட்டுல சோறு இல்லையா, நெய் இல்லையா?"

"அவ பேசி முடிச்ச பொண்ணு, பீபி. எங்கண்ணன் பையன் மெர்வுல இருக்கான்."

"இத்தன நாளா வாயத் தொறக்கலையே! எப்ப வரான்?"

"சீக்கிரம் வருவான்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் நம் பெண்களைத் தொட்டிலிலேயே பேசி முடிக்கிறோம். தாத்தா காலத்தில் கழுத்தில் கத்தியை வைத்து அந்த வார்த்தைகளைச் சொல்ல வைத்தார்கள். சொன்னோம். வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் யூதர், ஆளுக்கு இரண்டு பெயர் என்று மூன்று தலைமுறை ஓட்டிவிட்டோம். முஸ்லிம் பெண்ணை முஸ்லிம் வீட்டுக்குக் கொடுக்க என்ன தடை என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கொடுத்தால் தாவூஸ் மட்டுமா போவாள்? நாம் ஒளிந்து விளக்கேற்றும் நிலவறைகள் எல்லாம் அவளோடு அந்த வீட்டுக்குப் போகும்.

உன் பையனுக்காகக் காத்திருந்து அவளுக்குப் பதினாறு ஆகிவிட்டது. அவள் வயதுக்காரிகள் இடுப்பில் பிள்ளையோடு போகிறார்கள். நாத்தானை அனுப்பு. முல்லா முன்னால் ஒரு தடவை கல்யாணம், நம் வீட்டில் பந்தலுக்குக் கீழே ஒரு தடவை. அப்புறம் மூவரும் மெர்வுக்கு வந்துவிடுகிறோம்.

அண்ணிக்கும் பையனுக்கும் என் அன்பு.

உன் சிப்போரா

3

மெர்வ். நிசான் மாதம், பஸ்கா கழிந்து. ரஹமான் கையில்.

அன்புள்ள தங்கை சிப்போராவுக்கு, யோனா. வானத்தின் கடவுள் உன்னையும் குழந்தையையும் காப்பாராக. என் இடுப்புக்கு இங்கே ஒரு ரஷ்ய மருத்துவர் களிம்பு கொடுத்திருக்கிறார். பரவாயில்லை.

பஸ்காவை இந்த வருடமும் கதவைத் திறந்து வைத்துக் கொண்டாடினோம். ஆறு வருடமாகியும் அந்தத் திறந்த கதவு எனக்குப் பழகவில்லை. ஓய்வுநாளில் கடையை அடைத்துவிட்டு, ஜெபச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவீதியில் நடந்து போகிறேன். ரஷ்யக் காவலன் ஒதுங்கி வழி விடுகிறான்.

நீ புளித்த மாவை ஒரு துணுக்கு விடாமல் வீட்டைவிட்டு அகற்றினாயா? நம் முறைப்படி அறுக்காத இறைச்சி விஷயத்தில் கவனமாயிரு. கஷ்ட காலம் என்று ஒன்றை விட்டால் எல்லாம் போய்விடும். குழந்தைக்கு ஜெபங்கள் மறந்துவிடாமல் சொல்லிக்கொடு.

நாத்தான் என்னைவிட உயரமாகிவிட்டான். ரஷ்ய மொழி அவன் வாயில் தண்ணீராக ஓடுகிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

ரஹமானிடம் இரண்டு பொட்டலம் தேயிலையும் ஒரு சர்க்கரைக் கூம்பும் கொடுத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
யோனா

4

மஷ்ஹத். இயார் மாதம். ரஹமான் கையில்.

யோனா, சமாதானம். உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரைக் கூம்பு வந்தது. தலையில் அடித்துக்கொள்ள நல்ல கனம்.

பஸ்காவை எப்படிக் கொண்டாடினேன் என்று கேட்டாயல்லவா, சொல்கிறேன். நாம் புளித்ததைத் தொடாத எட்டு நாளும் காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாலு பேர் பார்க்க, சூடான ரொட்டி வாங்கினேன். வழியில் நின்று பேசினேன். ரொட்டியின் மணம் எல்லோர் மூக்கிலும் ஏறட்டும் என்று முக்காட்டுக்கு வெளியே பிடித்துக்கொண்டேன். தர்காவின் வாசலில் பிச்சைக்காரர்களுக்குப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். புளிக்காத ரொட்டியை நிலவறையில் சுட்டேன். புகை வெளியே தெரியாமலிருக்கத் தாவூஸ் முற்றத்தில் வெங்காயத்தை எரியவிட்டு, "ஐயோ கருகிடுச்சே!" என்று கத்தினாள். எட்டு நாளும் கருக்கினாள். பக்கத்து வீட்டுக்காரி, "இவள எவன் கட்டிக்கிட்டு அவதிப்படப் போறானோ" என்றாள்.

இறைச்சியைக் கேட்டாய். கசாப்புக்காரனிடம் நல்ல துண்டாக, பேரம் பேசி, சத்தமாக வாங்குகிறேன். இந்தத் தெருவிலேயே கொழுத்த நாய் எது என்று கேட்டுப் பார். நம் வாசலில் கிடப்பதுதான்.

நீ என்னிடம் புளித்த மாவைக் கேட்டாய். நான் உன்னிடம் மாப்பிள்ளையைக் கேட்டேன். நான் கணக்கு ஒப்பித்துவிட்டேன். நீ?

ஸக்கினா நாலு நாளைக்கொருமுறை வருகிறாள். சளி பிடித்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும். நேற்று கேட்டாள்:

"மாப்பிள்ளை மாப்பிள்ளைங்கறியே, ஒரு படமாச்சும் காட்டேண்டி. மெர்வுல படம் புடிக்கறவன் இருக்கானாமே. இல்ல, மாப்பிள்ளையே கிடையாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஒரு படம் அனுப்பு, உடனே. பையன் பின்னால் வரட்டும், படம் முன்னால் வரட்டும்.

எல்லோருக்கும் அன்பு.

சிப்போரா

5

மெர்வ். சிவான் மாதம். ரஹமான் கையில்.

அன்புள்ள சிப்போராவுக்கு, யோனா. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் காத்திருக்கிறோம்.

நாத்தானின் படம் இத்துடன். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ரஷ்யப் படக்கடையில் எடுத்தது. மடிக்காமல் வை.

அவன் வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். வெயில் தணியட்டும். கடையில் இப்போது அவன் கை இல்லாமல் முடியாது. நீ என்மேல் கோபமாக இருப்பது தெரிகிறது. கோபத்தில் எழுதாதே. வழியில் யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

குழந்தைக்கு என் ஆசி.

யோனா

6

மஷ்ஹத். தம்மூஸ் மாதம். ரஹமான் கையில்.

யோனா, சமாதானம். நாங்கள் சுகம். நீ சுகம் என்று படமே சொல்கிறது.

படத்தை முதலில் கையில் வாங்கியவள் தாவூஸ். ரொம்ப நேரம் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் கேட்டாள்: "அம்மா, இவரு இடுப்புகிட்ட நூலு நூலா தொங்குதே, இது என்ன, நம்ம அப்பா சட்டைக்குள்ள ஒளிச்சுப் போடுவாரே, அதுவா?"

அதுதான். ஜெபக் குஞ்சம். கோட்டுக்குக் கீழே, பட்டும் படாமலும் இல்லை, வரைந்து வைத்தது மாதிரி நாலு விரல் நீளம். என் கணவரும் நம் அப்பாவும் உடம்போடு ஒட்டித் தைத்து மறைத்ததை உன் பையன் சங்கிலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான். நீ இதைக் கையில் வாங்கிப் பார்த்து, காகிதத்தில் சுற்றி, மஷ்ஹத்துக்கு அனுப்பியிருக்கிறாய். உன் கண்ணில் படவே இல்லை. ஒளிந்து வாழ்வது எப்படி என்பதை மறக்க ஆறு வருடம் போதும் போலிருக்கிறது.

பெருமைப்படு. அதற்குத்தானே போனாய். ஆனால் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பதையும் சேர்த்து மறந்துவிட்டாயா?

கத்தரிக்கோலை எடுத்து மார்புக்குக் கீழே வெட்டி அடுப்பில் போட்டேன். மிச்சத்தை ஸக்கினாவிடம் காட்டினேன்.

"முகம் நல்லாத்தான் இருக்கு. ஏண்டி, மாப்பிள்ளைக்குக் கால் இல்லையா?"

"சட்டம் சின்னது பீபி. அடங்கல."

"சட்டம் சின்னதுன்னா பெரிய சட்டம் வாங்குவாங்க. கால வெட்டுவாங்களா?"

அன்று பிற்பகல் பெண்களின் பொதுக் குளிப்பறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. மெர்வ் மாப்பிள்ளை நொண்டியாம். மறுநாள் ரஷ்ய ரயில் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டதாம். வாரம் முடிவதற்குள் இரண்டு காலும் போய்விட்டன. எனக்குச் சிரிப்பும் வந்தது, யோனா. தாவூஸ் வாயில் முக்காட்டைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் இருவரும் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஆனால் ஸக்கினா சிரிக்கவில்லை. கண் கலங்கிப்போய் வந்தாள். "எங்கிட்ட மறைச்சிட்டியே கௌஹர். சொந்தம்னு ஒரு முடவனுக்கா இந்தப் பொண்ணத் தள்ளுவ? தகப்பன் இருந்தா விடுவானா? திராட்சை அறுப்பு முடியறதுக்குள்ள அவன் ரெண்டு காலோட இந்த முத்தத்துல வந்து நிக்கட்டும். நானே அவ கைக்கு மருதாணி வெக்கறேன். வரலைன்னா பேச்சு முறிஞ்சுது. அவ எங்க வீட்டுப் பொண்ணு."

தெருத்தலைவரும் அதையே சொல்லியனுப்பினார். தகப்பனில்லாத பெண்ணுக்கு அவர்தான் தகப்பனாம்.

திராட்சை அறுப்பு, யோனா. அதற்குள் அவன் வர வேண்டும். குஞ்சத்தைக் கழற்றிவிட்டு.

இன்னொன்று. படத்தின் அடியை வெட்டியது நான். இடப்பக்க ஓரத்தை வெட்டியது யார்? நேராக இல்லை. அவன் தோளருகே ஒரு பட்டுச் சட்டையின் கை விளிம்பு தெரிகிறது. அண்ணியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சிப்போரா

7

மெர்வ். ரபீஉல் அவ்வல் மாதம். அஞ்சலில்.

அளவற்ற அருளாளனின் பெயரால்.

அன்புத் தங்கை கௌஹருக்கு யூனுஸ் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நலம். அங்கே நலமறிய ஆவல்.

எல்லைச் சாவடியில் கொள்ளைநோய்க்காகப் பயணிகளைத் தடுத்து வைக்கிறார்கள். நாதிரின் பயணம் இந்த ஆண்டு சாத்தியமில்லை. அடுத்த நவ்ரூஸ் பண்டிகைக்குப் பிறகு யோசிப்போம். தெருத்தலைவர் அவர்களுக்கும் அவர் இல்லத்தாருக்கும் என் சலாம்.

யூனுஸ்

8

மஷ்ஹத். எலுல் மாதத்தின் தொடக்கம். ரஹமான் கையில்.

யோனா,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது.

உன் அஞ்சலை நான் படிக்கவில்லை. ஸக்கினா வந்து வாயால் சொன்னாள். "அடுத்த நவ்ரூஸாம்! அதுவும் யோசிப்பாராம்! இதுக்கு மேல என்னடி வேணும்?" போகும்போது தாவூஸின் மணிக்கட்டில் நூல் கட்டி வளையலுக்கு அளவெடுத்துக்கொண்டு போனாள். எனக்கு எழுத வேண்டியதை ரஹமான் கையில் கொடுக்காமல் ஏன் அஞ்சலில் போட்டாய்? ரஹமான் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதுதானே?

அவன் வந்து சேர்ந்தான். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை சொல்லிவிட்டான். பூரிம் பண்டிகைக்கு மறுநாள் நாத்தானுக்கும் புகாரா பருத்தி வியாபாரியின் மகளுக்கும் நிச்சயம் நடந்திருக்கிறது. என் முதல் கடிதம் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தபோதே நீ விருந்து போட்டுவிட்டாய். பஸ்கா கழிந்து நீ எழுதியபோதும் தெரியும். படம் அனுப்பியபோதும் தெரியும். அந்தப் பட்டுச் சட்டைக்காரியைக் கத்தரித்துவிட்டு என்னிடம் மடிக்காமல் வை என்றாய்.

உன் பையனை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. முதல் கடிதத்திலேயே அதை ஒரு வரி எழுதியிருந்தால், நம்மவர்களில் வேறொருவனின் பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆறு மாதம் தெரு முழுக்க உன் மகன் பெயரையே சொல்ல வைத்தாய். இனி மாப்பிள்ளையை மாற்றினால் முதலில் சொன்னது பொய்யென்று ஆகும். ஒரு பொய் அவிழ்ந்தால் எதுவரை அவிழும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேசி முடித்த பெண்ணை விடுவிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதைச் செய்துவிட்டேன்.

உன் மகன் செத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் முற்றத்தில் நின்று முக்காட்டைக் கிழித்துக்கொண்டு அலறினேன். மெர்வில் கொள்ளைநோய், ஒரு ஒட்டகக்காரன் சொல்லிவிட்டுப் போனான் என்றேன். நோய் இருப்பதை நீயே கடிதத்தில் எழுதியிருந்தாய், அந்த மட்டுக்கு நன்றி. குர்ஆன் ஓதுபவரை அழைத்தேன். குங்குமப்பூ போட்டு அல்வா கிண்டினேன். தெருவே வந்தது. நம்மவர்களும் வந்தார்கள். விஷயம் தெரிந்துகொண்டே மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், கண்ணுக்குக் கண் பார்க்காமல்.

எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் ஸக்கினா. "நொண்டின்னு சொன்னேனே, என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்று என் மடியில் தலையை முட்டிக்கொண்டாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்போது நானும் அழுதேன். அது நடிப்பில்லை. எதற்கென்று கேட்காதே.

மூன்றாம் நாளிலிருந்து தாவூஸைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. கிணற்றடியில் ஒருத்தி, "அவ காலு ராசி இல்ல. தொட்டில்ல கிடந்தவளே ஒருத்தன முழுங்கிட்டா" என்றாளாம். ஸக்கினா வளையலைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே மகனைப் பெற்றவள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தெருத்தலைவர் ஆண்பிள்ளை, அழுகைக்கு மயங்கவில்லை. "ஒட்டகக்காரன் பேச்சு எதுக்கு? தகப்பன் கையால ஒரு கடுதாசி வரட்டும். வந்தா வேற இடம் பாத்துக்கோ. வரலைன்னா இது என்ன கூத்துன்னு நான் விசாரிக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

எழுது. அஞ்சலில். உன் மகன் செத்தான் என்று.

சிப்போரா

9

மெர்வ். எலுல் மாதத்தின் கடைசி. ரஹமான் கையில்.

சிப்போரா,

நீ என் தங்கைதானா?

நாத்தானுக்கு முன்னால் இரண்டைப் புதைத்தவன் நான். இரண்டுக்கும் உன் மடியில் படுத்து அண்ணி அழுதாள். அதெல்லாம் தெரிந்த நீ, தங்கிய ஒருவனுக்கு அல்வா கிண்டியிருக்கிறாய்.

நான் செய்தது தவறு. ஒப்புக்கொள்கிறேன். சொல்ல வாய் வரவில்லை, நாள் தள்ளினேன். ஆனால் நீயும் யோசி. இங்கே அவன் ஊரறிய யூதன். நம் மஷ்ஹத் வியாபாரிகள் எத்தனை பேர் அவனைச் சால்வையோடு பார்த்திருக்கிறார்கள். அவனை அங்கே அனுப்பி, மார்க்கத்தை விட்டவன் என்று ஒருவன் கை காட்டினால் தலை இருக்குமா? உன் மகளுக்காக என் மகனின் கழுத்தைக் கேட்டாய். அதைத்தான் கேட்டாய், உனக்குப் புரியவில்லை.

இன்னும் சில நாளில் புத்தாண்டு. இந்த வருடம் யார் பிழைப்பார், யார் சாவார் என்று மேலே எழுதுகிற நாட்கள். இந்த நாட்களில் பேனாவை எடுத்து, "என் மகன் இறந்தான்" என்று நான் எழுதுவதா? அங்கே எழுதுகிறவருக்கு நானே சொல்லிக் கொடுப்பதா?

வேறு எது வேண்டுமானாலும் கேள். ரஹமானிடம் முப்பது ரூபிள் கொடுத்திருக்கிறேன். இதை என் கை எழுதாது.

யோனா

10

மஷ்ஹத். திஷ்ரி மாதம், பெரிய உபவாசத்துக்கு மறுநாள். ரஹமான் கையில்.

யோனா, சமாதானம்.

ரூபிளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று உபவாசம். நிலவறையில் பதினோரு பெண்கள், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து ஜெபித்தோம். தெரு பார்க்க அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே எழுதுகிறவருக்கு எங்களைத் தெரியும். மூன்று தலைமுறையாக எங்கள் பொய்களை எல்லாம் கேட்டுக்கொண்டு எங்களை உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். என் வாயிலிருந்து வருவதில் எது வீட்டுக்கு, எது தெருவுக்கு என்று அவருக்குத் தெரியாவிட்டால் நாங்கள் என்றோ செத்திருப்போம். இது உனக்கு மட்டும் எப்படி மறந்துபோயிற்று?

நீ பயப்பட்ட, மேலே எழுதுகிற அந்தப் புத்தகத்தை நேற்று சூரியன் மறைந்ததும் மூடியாயிற்று. இனி உனக்குச் சாக்கு இல்லை.

திராட்சை அறுப்பு முடிந்துவிட்டது. தெருத்தலைவர் வாசலில் நின்று, "கடுதாசி வந்துதா?" என்று தாவூஸிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம். அவள் அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை.

நீ எழுதாவிட்டால் நான் செத்துப்போன உன் மகனுக்காக அழ மாட்டேன். உயிரோடிருக்கும் உனக்காக, செத்தவருக்குத் துக்கம் காப்பதுபோல் ஏழு நாள் தரையில் உட்காருவேன்.

சிப்போரா

11

மெர்வ். ஹெஷ்வான் மாதம். ரஹமான் கையில்.

அன்புள்ள அத்தைக்கு, சமாதானம். உங்களுக்கும் தாவூஸுக்கும் உடம்பு சுகமாயிருக்க வேண்டும். எழுதுவது நாத்தான்.

எனக்கு இதில் எதுவும் தெரியாது. பேசி வைத்தது சின்ன வயது விளையாட்டு, அத்தை வேறு இடம் பார்த்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். போன வாரம் ரஹமான் மாமா உங்கள் கடிதத்தோடு வந்தபோது அம்மாவும் அப்பாவும் போட்ட சத்தத்தில்தான் நான் செத்துப்போனதே எனக்குத் தெரிந்தது. முதலில் சிரித்துவிட்டேன். அம்மா என்னை அறைந்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அப்பா எரிக்காமல் வைத்திருந்த உங்கள் கடிதங்களை அன்று இரவே படித்தேன்.

அப்பா தினமும் மேசையில் உட்காருகிறார். "அளவற்ற அருளாளனின் பெயரால்" என்று எழுதுகிறார். அதோடு நிற்கிறது. நேற்று பேனாவையே உடைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவரைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வீதியில் நடந்தேன். இங்கே நான் தொப்பியோடு தலை நிமிர்ந்து நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அங்கே யாரோ ஒருத்தி வெங்காயத்தைக் கருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கடைக் கடிதங்களை எல்லாம் அப்பா பெயரில் நான்தான் எழுதுகிறேன். அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் நானே எழுதிவிட்டேன். நாளை அஞ்சலில் போகிறது. உங்களுக்கு முன்னால் தெருத்தலைவர் வீட்டில் படிப்பார்கள், அவர்களுக்காகத்தான் சில வரிகள். சில வரிகள் அவர்களுக்காக இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முத்திரையை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

தாவூஸை நான் கடைசியாகப் பார்த்தபோது என் கையைக் கடித்தாள். தப்பு என்மேல்தான்.

உங்கள் நாத்தான்

12

மெர்வ். ஜமாதுல் ஆகிர் மாதம். அஞ்சலில்.

அளவற்ற அருளாளனின் பெயரால். நாம் அவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புவோம்.

அன்புத் தங்கை கௌஹருக்கு, துக்கத்தில் இருக்கும் யூனுஸ் எழுதுவது. நீங்கள் நலமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. என் மகன் நாதிர் கொள்ளைநோயில் காலமானான். உடனே எழுத என் கைக்கு வலுவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் படுத்திருந்தான். இரண்டாம் நாள் நடுப்பகலில் தண்ணீர் கேட்டான். அவன் தாய் கொண்டு வருவதற்குள் போய்விட்டான். வலி அதிகம் இல்லை. முறைப்படி குளிப்பாட்டி அடக்கம் செய்தோம். ஊரில் வதந்தி உண்டென்று அறிந்தேன். அவன் இரண்டு காலும் நன்றாயிருந்த பையன். வேகமாக நடப்பான்.

அவன் நல்லவன் என்று தகப்பன் சொல்லக்கூடாது. காலையில் எழுப்புவது கஷ்டம். யாரும் சொல்லாத விஷயங்களைத் தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் புத்தி அவனுக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் வயது இருந்திருந்தால் வந்திருக்கும்.

தெருத்தலைவர் அவர்களுக்கும் பீபி ஸக்கினா அவர்களுக்கும் எங்கள் நன்றி. என் மகனுக்காக அவர்கள் அழுதார்கள் என்று கேள்விப்பட்டபோது இந்த வீட்டில் எல்லோரும் அழுதோம்.

தாவூஸுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அவள் காலால் எந்தக் கேடும் வரவில்லை. எந்தப் பேச்சும் இனி அவளைக் கட்டாது. பனி விழும் முன்பே அவளுக்கு உங்கள் சொந்தத்தில் நல்ல இடமாகப் பாருங்கள். அவளைக் காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்காமலே என் மகன் போய்விட்டான். அவன் சார்பில் நான் கேட்கிறேன்.

அவன் பெயரை இனி உங்கள் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

யூனுஸ்